‘இல்லை’ என்று எழுதிய கட்டம்

ஜனவரி 3, புதன்

பள்ளி திறந்தது. உயிரியல் அரையாண்டுத் தேர்வில் எழுபதுக்கு அறுபத்தாறு. மீதி நான்கு எங்கே போனது என்று லீமா டீச்சரிடம் கேட்டேன். “அறுபத்தாறு எங்கேருந்து வந்துச்சுன்னு கேளு, சந்தோசமா இருக்கும்” என்றார். வகுப்பே சிரித்தது.

நொதிகள் பாடத்தைத் திருப்புதலுக்காக மறுபடி எடுத்தார். நொதி வேலை செய்யும் இடத்தில் வேறொரு பொருள் முந்திப் போய் உட்கார்ந்துகொண்டால் அதன் பெயர் தடுப்பான். “தென்காசி பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போடுதோம்லா, அதுதான். சீட்டு அங்கதான் இருக்கு. ஆனா யாரும் உக்கார முடியாது.” இந்த உதாரணத்தை ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

நான்கரைக்குக் கடைக்குப் போனேன். தாலுகா ஆபீஸுக்கு எதிரே எங்கள் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், விண்ணப்பம் பூர்த்தி செய்து தரப்படும் என்று போர்டில் இருக்கிறது. மூன்றாவது வேலை என்னுடையது. அப்பா இறந்த பிறகு ஐந்து வருடமாக இந்தக் கடைதான் அம்மாவையும் என்னையும் வைத்திருக்கிறது.

விண்ணப்பம் எழுதுவதில் அம்மாவுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. விட்டால் உள்ளே இருப்பவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள், வயதானவர்கள் மறுபடி வெயிலில் வர வேண்டும். பொருந்தாத கட்டத்திலும் தெரியாத கட்டத்திலும் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். “காலிக் கட்டம் கேள்வி கேக்கும். ‘இல்லை’ன்னு போட்டா வாய மூடிக்கிடும்” என்பாள்.

ஒருவருடைய பத்திரத்தை நகல் எடுத்து முடிப்பதற்குள் அம்மா பதினொரு முறை இருமினாள். எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை.

ஜனவரி 6, சனி

பெரியம்மா வீட்டுக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் இது என் வேலை. சுகாதார நர்ஸ் மாதம் ஒருமுறை பெரியம்மாவுக்கு பிரஷர் மாத்திரையை வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போவார். போன ஆவணியில் கோயில் மண்டபத்தில் நடந்த முகாமில் அம்மாவுக்கும் பிரஷர் என்றார்கள். ஆஸ்பத்திரியில் போய்ப் பதிந்துகொள்ளக் கடையை யார் பார்ப்பது? பெரியம்மா தன்னுடையதிலேயே பாதியைக் கொடுத்துவிடுகிறாள்.

ஏழு மாத்திரை, காலண்டர் தாளில் மடித்து.

“நர்ஸம்மா எதுக்க வந்தா என்ன சொல்லுவ?”

“ஒண்ணும் சொல்ல மாட்டேன் பெரியம்மா.”

“அதான் புத்தி. பங்கு போடுதோம்னு தெரிஞ்சா எனக்கும் நிறுத்திருவாவ. அப்புறம் அக்காளும் தங்கச்சியும் சேந்து மயங்கி விழ வேண்டியதுதான்.”

வரும் வழியில் கிளை நூலகத்தில் ஒரு புத்தகம் மாற்றினேன்.

ஜனவரி 12, வெள்ளி

அம்மாவை ஒருவழியாகத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போய்விட்டேன். மூன்று மாத இருமல், ஆறு கிலோ எடை குறைவு, முழங்காலுக்குக் கீழே சிவப்பாகத் தடித்துத் தடித்து வீக்கம், கண் எரிச்சல். எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொண்டுபோயிருந்தேன். நெஞ்சு நோய் மருத்துவர் ஜெசிந்தா அதை முழுவதும் படித்தார். “யாரு எழுதினது?” என்று கேட்டார். அம்மா என்னைக் காட்டிய விதத்தில் எனக்கு வெட்கமாகிவிட்டது.

எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலுக்கும் நடுவில், இரண்டு பக்கமும், நெறி கட்டியிருக்கிறது. டி.பி.யாக இருக்கலாம். சார்கோய்டோசிஸ் என்று இன்னொன்றாகவும் இருக்கலாம். அது கிருமியால் வருவதில்லை. உடம்பைக் காக்கிற செல்களே காரணம் தெரியாமல் கூடிக் கூடி முடிச்சு முடிச்சாகிவிடுமாம். பெரும்பாலும் நுரையீரலில். சில பேருக்குக் கண்ணில், தோலில், இருதயத்தில்.

“தொண்டை வழியா குழாய் விட்டு, நெறியிலேருந்து துளி சதை எடுத்துப் பாத்தா தெளிவாயிடும்” என்றார்.

“குழாயா! நான் வீட்டுக்குப் போறேன்” என்று அம்மா எழுந்தே விட்டாள்.

டாக்டர் சிரித்துவிட்டு, சரி, முதலில் சளியும் ரத்தமும் பார்ப்போம் என்றார். அந்த முடிச்சில் இருக்கிற செல்கள் ஏ.சி.இ. என்ற ஒரு நொதியை ரத்தத்தில் விடுமாம். அளவு கூடியிருந்தால் சார்கோய்டோசிஸ் பக்கம் சாயலாம். நொதி என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “அப்ப அந்த நொதி கூடியிருந்தா உறுதியா, டாக்டர்?” என்றேன்.

“உறுதி இல்லம்மா. அது ஒரு சாட்சி. தீர்ப்பு இல்ல.”

ஜனவரி 13, சனி

நேற்று எழுத விட்டுப்போனது. கீழ்த்தளத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நான்தான் நிரப்பினேன். பெயர் சண்முகக்கனி, வயது முப்பத்தொன்பது. ஏழாவது கட்டம்: தற்போது உட்கொள்ளும் மருந்துகள்.

நான் அம்மாவைப் பார்த்தேன்.

“டாக்டர் எழுதிக் குடுத்ததத்தான கேக்காவ? எனக்கு யாரு எழுதிக் குடுத்தா?”

“ஆனா எம்மா…”

“அக்கா மாத்திரைய எழுதப் போறியா? இங்க எழுதினா கம்ப்யூட்டர்ல ஏறும். அங்க அவளுக்கு நிப்பாட்டிருவான். ஏட்டி, கட்டத்தையும் காலியா விடாத.”

‘இல்லை’ என்று எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அங்கிருந்த அக்கா சொன்னார்.

ஏ.சி.இ. ரத்தத்தை மட்டும் ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்புவார்களாம்.

இன்று வழக்கம்போல் பெரியம்மா வீடு. ஏழு மாத்திரை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். அம்மா கரும்பு கடிக்கவில்லை. மூச்சு வாங்குகிறதாம்.

ஜனவரி 22, திங்கள்

முடிவு வந்துவிட்டது. சளியில் கிருமி இல்லை. ஏ.சி.இ. ஒன்பது! இருபதுக்கும் எழுபதுக்கும் இடையில் இருக்க வேண்டும், ஒன்பதுதான் இருக்கிறது. அந்தப் பெரிய பெயர் கொண்ட நோய் இல்லை என்று நினைத்து நான் அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினேன்.

டாக்டர் மட்டும் தாளை மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். “கூடல, சரி. இவ்வளவு குறைஞ்சும் இருக்கே” என்றார். பிறகு, “அம்மா, வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா? நாட்டு மருந்து, பிரஷர், சுகர், எதுனாலும்?”

“ஒண்ணுங்கிடையாது டாக்டர்.”

டாக்டர் என்னையும் ஒருமுறை பார்த்தார். சுவரில் நுரையீரல் படம் ஒன்று மாட்டியிருந்தது. வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழாய் விட்டுப் பார்ப்பதுதான் நல்லது என்று மறுபடி சொன்னார். அம்மா மாட்டேன் என்றாள். கடைசியில், “நம்ம ஊர்ல இந்த எக்ஸ்ரேக்கு டி.பி.யைத்தான் முதல்ல நினைக்கணும். மருந்து ஆரம்பிப்போம். ரெண்டு மாசத்துல நெறி சுருங்கலன்னா குழாய்தான், தப்பிக்க முடியாது” என்று எழுதிக் கொடுத்தார்.

பேருந்தில் அம்மா தூங்கிவிட்டாள். ஆறு மாதத்தில் குணமாகிற நோய். நல்லதுதானே.

ஜனவரி 27, சனி

டி.பி. மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இருந்தும் அம்மா பயந்து கத்திவிட்டாள். பிறகு, “ஜெராக்ஸ் மிஷினுக்குக் கலர் இல்ல, எனக்கு வந்திருச்சு பாரு” என்றாள். இரண்டு பேரும் இருமி முடிக்கும்வரை சிரித்தோம். இருமியது அவள் மட்டும்.

பெரியம்மா வீடு. ஏழு மாத்திரை.

பிப்ரவரி 2, வெள்ளி

நூலகத்தில் மருந்துகளைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் படித்தேன். நாளை மறுபடி படிக்க வேண்டும். கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்திருக்கலாம்.

பள்ளிச் சீருடை துவைத்தேன். மை போகவில்லை.

பிப்ரவரி 3, சனி

பெரியம்மாவிடம் மாத்திரை அட்டையை அப்படியே கொடுங்கள், பெயர் பார்க்க வேண்டும் என்றேன். “பேரு தெரிஞ்சு என்ன, ஜாதகமா பாக்கப் போற?” என்றபடி கொடுத்தாள். எனலாபிரில்.

கண்ணுக்குத் தப்பாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

தெளிவாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் எனக்குப் புரியும்.

எனலாபிரில் பிரஷரைக் குறைப்பது எப்படி? ஏ.சி.இ. என்ற நொதியைத் தடுத்து. பெயரே அதுதான், ஏ.சி.இ. தடுப்பான். டீச்சர் சொன்ன துண்டு. சீட்டு அங்கேதான் இருக்கிறது, ஆனால் பரிசோதனையில் இல்லாதது போலத் தெரியும். அம்மா தினமும் காலையில் ஒரு துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். அதனால் ஒன்பது. உண்மையான எண் எது என்று யாருக்கும் தெரியாது. அதே பக்கத்தில், இந்த மாத்திரையாலேயே சிலருக்கு வறட்டு இருமல் வரும் என்றும் போட்டிருந்தது.

மாவு கரைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். அவள் கையை நிறுத்தவில்லை.

“அப்ப எனக்கு டி.பி. இல்லங்கியா?”

“தெரியாதும்மா. சோதிச்சது தப்புன்னு சொல்லுதேன். டாக்டர்ட்ட சொல்லணும்.”

“சொன்னா என்ன செய்வாவ? குழாய விடுவாவ. இங்க அக்காவுக்கு மாத்திரைய நிறுத்துவாவ. அவளுக்கு ஏற்கெனவே ஒருக்க வாய் கோணி நேரானது. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.” கையைத் துடைத்துவிட்டு என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். “எம்மேல சத்தியம் பண்ணு. சொல்ல மாட்டேன்னு.”

பண்ணினேன்.

தோசை நன்றாக வந்தது.

பிப்ரவரி 9, வெள்ளி

லேமினேஷன் மிஷினைப் பிடித்துக்கொண்டு அம்மா கொஞ்ச நேரம் நின்றாள். சூடு என்று நான் கத்தியதும் கையை எடுத்தாள். “நெஞ்சுக்குள்ள பஸ்ஸு கியர் விழாம துடிக்க மாதிரி இருக்கு” என்றாள். பிறகு சரியாகிவிட்டது.

நான் டாக்டர் இல்லை. பதினொன்றாம் வகுப்பு. ஒரு பழைய புத்தகத்தில் ஒரு பக்கம் படித்துவிட்டு டாக்டர் தப்பு என்று சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்.

பிப்ரவரி 14, புதன்

கடை ஷட்டரை மேலே தூக்கும்போது அம்மாவுக்குக் கண் இருட்டிவிட்டது. அதைப் பிடித்தபடி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். டீக்கடை அண்ணாச்சி தண்ணீர் கொண்டு வந்தார். வெயில் என்றாள். வெயில்தான்.

அப்போது மணி காலை எட்டே கால்.

பிப்ரவரி 17, சனி

பெரியம்மா வீட்டுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். அம்மாவே போய் வாங்கி வந்துவிட்டாள்.

நாளை டாக்டருக்குக் கடிதம் எழுதலாம். பெயர் போடாமல்.

பிப்ரவரி 18, ஞாயிறு

எழுதினேன். கிழித்துவிட்டேன். ஏழாவது கட்டத்தில் யார் எழுதியது என்று கேட்பார்கள். கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிப்ரவரி 21, புதன்

செய்முறைத் தேர்வு. எச்சிலில் உள்ள நொதி மாவுப்பொருளைச் செரிப்பதைக் காட்ட வேண்டும். எனக்கு வந்தது. சோதனைக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். அமிலம் சேர்த்த குழாயில் நொதி வேலை செய்யவில்லை. ஏன் என்று வெளியிலிருந்து வந்த ஆசிரியர் கேட்டார். எனக்குத் தெரியும். ஆனால் ‘தெரியாது’ என்றேன்.

பிப்ரவரி 24, சனி

அம்மா விழுந்துவிட்டாள். மதியம் பன்னிரண்டரை மணி. வாரிசுச் சான்றுக்கு வந்த ஒரு பாட்டிக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். இருமவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தாள் தாளாக வெளியே வந்தது.

கண் திறக்க எத்தனை நேரம் ஆனது என்று தெரியவில்லை. இருபத்தேழு தாள் வந்திருந்தது. பிறகு எண்ணினேன்.

“ஒண்ணுமில்லட்டி. காலைல சாப்பிடல” என்றாள். என்னோடு உட்கார்ந்து மூன்று இட்லி சாப்பிட்டிருந்தாள்.

பிப்ரவரி 26, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. சீருடையிலேயே திருநெல்வேலி பஸ் ஏறினேன். சீட்டு எண் வாங்கி, இருபத்திரண்டு பேருக்குப் பிறகு உள்ளே போனேன்.

“அம்மா எங்கே?” என்றார் டாக்டர்.

ஒரே மூச்சில் சொன்னேன். எனலாபிரில், பெரியம்மா, ஏழாவது கட்டம், சனிக்கிழமை விழுந்தது. அட்டையையும் வைத்தேன். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

“அன்னைக்கே ஒன்பதுன்னு வந்தப்போ எனக்கு உறுத்துச்சு. கேட்டதோட விட்டுட்டேன்” என்றார், என்னிடம் இல்லை, தாளிடம். பிறகு என்னிடம்: “இது ஒனக்கு எப்பம்மா தெரியும்?”

“நேத்து” என்றேன்.

“நேத்தே படிச்சு இன்னைக்கே ஓடி வந்திருக்கே. பெரிய பிள்ளைங்களுக்கே இது தோணாது.” அவர் என் தோளைத் தட்டினார். “நீ சொன்னதுல எனக்கு மாத்திரையைவிட விழுந்ததுதான் பயம். கீழ நில்லு. ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன். அம்மா பஸ்ல வர வேண்டாம்.”

பிப்ரவரி 27, செவ்வாய்

அம்மாவை இங்கேயே சேர்த்துவிட்டார்கள். நெஞ்சில் ஒட்டிய வயர்கள், தலைமாட்டில் ஒரு திரை. பச்சைக் கோடு சில சமயம் ஒரு துடிப்பைத் தாண்டிப் போகிறது. அப்போதெல்லாம் நர்ஸ் எழுந்து நின்று பார்க்கிறார்.

பிரஷருக்கு வேறு மாத்திரை மாற்றினார்கள். பழைய மருந்தின் பலம் ரத்தத்திலிருந்து போக வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஏ.சி.இ. மறுபடி பார்ப்பார்களாம். குழாய்க்கு அம்மா தானாகவே சரி என்றுவிட்டாள். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

மதியம் பெரியம்மா வந்தாள். தங்கச்சியின் வயர்களைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். வராந்தாவுக்கு வந்ததும், “போட்டுக் குடுத்திட்டியேட்டி” என்றாள். அடுத்த நிமிடமே, “சாப்ட்டியா?” என்றாள்.

பெரியம்மாவுக்கு மாத்திரையை யாரும் நிறுத்தவில்லை. நம் ஊர் நர்ஸிடம் டாக்டரே போனில் பேசினார். பாதி அளவில் சாப்பிட்டதற்குத்தான் திட்டாம். அம்மாவையும் பதிந்துகொள்ள அரை மணி நேரம்கூட ஆகாதாம்.

அம்மா நர்ஸ்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். “எம் மவதான் கண்டுபிடிச்சா. ஒரே நாள்ல.”

மார்ச் 4, திங்கள்

பொதுத்தேர்வு தொடங்கியது. தமிழ். எழுதினேன். எந்தக் கேள்வியையும் விடவில்லை.

மார்ச் 8, வெள்ளி

குழாய் விட்டு எடுத்த சதையின் முடிவு வந்தது. டி.பி. இல்லை. செல்கள் முடிச்சு முடிச்சாக இருக்கின்றன. டி.பி. மருந்தை நிறுத்திவிட்டார்கள். நாற்பத்தைந்து நாள் சும்மா விழுங்கியிருக்கிறாள்.

மார்ச் 13, புதன்

ஏ.சி.இ. தொண்ணூற்று நான்கு.

ஜெசிந்தா டாக்டரும் இருதய டாக்டரும் சேர்ந்து வந்தார்கள். நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஆரம்பித்தாகிவிட்டது. இருதயத்திலும் அந்த முடிச்சுகள் இருக்கின்றன என்று ஸ்கேன் சொல்கிறது. இருதயம் துடிக்க மின்சாரம் போகிற பாதையில் உட்கார்ந்திருக்கின்றனவாம். துடிப்பைச் சீராக்கும் கருவி வைத்துத்தான் ஆக வேண்டுமா, மருந்து வேலை செய்யும்வரை காத்திருக்கலாமா, எந்த வகைக் கருவி என்று முடிவெடுக்க வேண்டும்.

“விழுந்தீங்களே, அதுக்கு முன்னாடி மயக்கம், படபடப்பு, கண் இருட்டுறது ஏதாவது வந்துச்சாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் இருதய டாக்டர்.

“இல்ல சார். அன்னைக்கு ஒருநாள்தான். அதுவும் சாப்பிடாமக் கெடந்து.”

அவர் எழுதப் போனார். பேனா தாளைத் தொட்டுவிட்டது.

“இருந்துச்சு” என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். பையிலிருந்து இந்த நோட்டை எடுத்தேன். “தேதி இருக்கு.”

“ஏட்டி, சும்மா இரி” என்றாள் அம்மா. அவளுக்கு இந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

படித்தேன். பிப்ரவரி ஒன்பது, நெஞ்சுக்குள் பஸ். பிப்ரவரி பதினான்கு, ஷட்டர். இருதய டாக்டர் நேரம் கேட்டார். எட்டே கால் என்றேன். உட்கார்ந்த பிறகு எவ்வளவு நேரம் என்றார். அது என்னிடம் இல்லை.

“அதுக்கு முன்னாடி ஏதாவது இருக்கா? கொஞ்சம் பின்னால போ” என்றார்.

பின்னால் போக வேண்டியிருந்தது. நான் பக்கத்தைத் திருப்பினேன். ஜெசிந்தா டாக்டர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நோட்டை மறைக்கவில்லை. மறைத்தால் அவர்களுக்குத் தேதி தெரியாது. பிப்ரவரி நான்கு அவர் கண்ணில் பட்டதை என்னால் பார்க்க முடிந்தது.

“நாலாம் தேதி” என்றார் மெதுவாக. “நீ வந்தது இருபத்தாறு.”

“ரெண்டாம் தேதி, டாக்டர்” என்றேன். “லைப்ரரில பாத்தது ரெண்டு.”

“அவள ஒண்ணும் கேக்காதீங்க” என்று அம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள். திரை கூவியது. நர்ஸ் ஓடி வந்தார். “எந்தலையில அடிச்சு சத்தியம் வாங்கினது நானு. புள்ள என்ன செய்யும்? என்னக் கேளுங்க!”

ஜெசிந்தா டாக்டர் அம்மாவைப் படுக்க வைத்தார். கோடு சீராகும்வரை அவள் மணிக்கட்டை விடவில்லை. பிறகு நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தார். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன்.

“கேக்கல” என்றார். “ஜனவரியிலேருந்து படி. ஒரு வரியும் விடாதே.”

படித்தேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். இருமல் எண்ணிக்கை வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 14, வியாழன்

மருந்துக்காகக் காத்திருக்க முடியாது, இன்றே கருவி வைக்க வேண்டும் என்று நேற்று மாலையே முடிவு செய்துவிட்டார்கள். எந்த வகை என்பதற்கு அந்த இரண்டு தேதிகள் உதவின என்றார் இருதய டாக்டர். இன்னும் முன்னால் தெரிந்திருந்தால் என்று அவர் தொடங்கிய வாக்கியத்தை ஜெசிந்தா டாக்டர் முடிக்க விடவில்லை.

காலை 10.05: உள்ளே கொண்டு போனார்கள். போகும்போது அம்மா என்னைக் கூப்பிட்டு, “கணக்குப் பரிச்சை என்னைக்கு?” என்றாள். சொன்னேன். “லீவு போட்டுராத” என்றாள்.

10.40: வெளியே யாரும் வரவில்லை. ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள்.

11.10: ஒரு நர்ஸ் வேகமாக உள்ளே போனார்.

11.12: இன்னொருவர்.

“என்னட்டி எழுதிக்கிட்டே இருக்க?” என்றாள் பெரியம்மா. முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

“மணி” என்றேன்.

11.25: கதவு திறந்தது. எங்களுக்காக இல்லை. மருந்து ட்ராலி ஒன்றை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

11.31: உள்ளே அம்மா இருமும் சத்தம் கேட்டது. ஒரு முறை. பெரியம்மாவுக்குக் கேட்கவில்லையாம். எனக்குக் கேட்டது.

11.40: கதவு எங்களுக்காக இன்னும் திறக்கவில்லை.